கம்பளம் விற்ற டாக்டர்

மலர்க் குழுச் செயலாளர் போன் செய்து, யாராவது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுப்பா, வெள்ளிக்கிழமை கடைசித் தேதி என்றார். விஸ்வேஸ்வரய்யாவை ஏற்கெனவே ஒருவர் எடுத்துக்கொண்டாராம். ராமானுஜனை இரண்டு பேர். கலாமைத் தொடவே வேண்டாம், ஏழு கட்டுரை வந்து கிடக்கிறது என்று எச்சரிக்கை வேறு. போட்டிக்கு யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில் நான் ஒரு கிரேக்க டாக்டரை எடுத்துக்கொண்டேன்.

இன்ஜினீயரிங் கல்லூரி மலரில் கருப்பைப் புற்றுநோய் பற்றி என்ன எழுத்து என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, என் பிழைப்பே இன்ஸ்பெக்‌ஷன். பாய்லர், பைப்லைன், பிரஷர் வெசல் என்று எதை வெல்டு பண்ணினாலும் கடைசியில் நான் போய் நின்று விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் டை பெனட்ரண்ட் என்று ஒரு எளிய டெஸ்ட். மெக்கானிகல் பசங்களுக்கு ஞாபகம் இருக்கும்: வெல்டைச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயத்தை ஸ்ப்ரே பண்ணி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பரை அடித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் எல்லாம் சிவப்புக் கோடாக எழுந்து வரும். சாயம் போட்டு, ஆபத்தை முன்கூட்டியே பார்ப்பது. மனித உடம்பில் இதே மாதிரியான வேலையைச் செய்தவர் நம் கதாநாயகர். இரண்டாவது காரணம் பின்னால் வருகிறது.

பெயர் ஜார்ஜ் பாபனிகொலாவ். வாயில் நுழையாத அந்தப் பெயரை அமெரிக்கர்கள் பாதியில் வெட்டி, அவருடைய பரிசோதனைக்குப் பாப் டெஸ்ட் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் வீட்டுப் பெண்கள் ஆஸ்பத்திரியில் பாப் ஸ்மியர் என்று கேட்டிருப்பார்களே, அந்தப் பாப் இவர்தான். அது என்னவோ இங்கிலீஷ் வார்த்தை என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

கிரேக்கத்தில் எவியா என்று ஒரு தீவு. அதில் கிமி என்ற சிற்றூரில் 1883 மே 13-ல் பிறந்தார். அப்பா டாக்டர், ஊருக்கு மேயராகவும் இருந்தவர். பையனுக்கு வயலினும் இலக்கியமும்தான் பிடிக்கும். அப்பா விடுவாரா? பதினைந்து வயதில் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1904-ல் முதல் தரத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். ஊரோடு வந்து ப்ராக்டிஸ் பண்ணு என்பது அப்பாவின் கட்சி. பையனுக்கு ஆராய்ச்சிக் கிறுக்கு. ஜெர்மனிக்குக் கிளம்பிப் போய், குட்டை நீரில் துள்ளும் டாஃப்னியா என்ற சிற்றுயிரி ஆணாவதும் பெண்ணாவதும் எப்படி என்று ஆராய்ந்து, 1910-ல் மியூனிக்கில் டாக்டர் பட்டம் வாங்கினார். டாக்டருக்குப் படித்தவன் தண்ணீர்ப்பூச்சியை எண்ணிக்கொண்டிருந்தால் எந்த அப்பாவுக்குத்தான் வயிறு எரியாது?

அதே வருஷம் கல்யாணம். பெண் ஆந்த்ரோமாக்கி, ராணுவ அதிகாரியின் மகள். நன்றாகப் படித்தவர், பிரெஞ்சு பேசுவார், பியானோ வாசிப்பார். அமெரிக்கா போன பிறகு மேரி என்று பெயர் மாறிவிட்டது. இந்தக் கட்டுரையில் இவர்தான் எனக்கு ரொம்ப முக்கியம். கொஞ்சம் பொறுங்கள்.

மொனாக்கோவில் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் கொஞ்ச காலம், பிறகு 1912-ல் பால்கன் போரில் ராணுவ டாக்டர். அங்கே அமெரிக்காவிலிருந்து சண்டை போட வந்திருந்த கிரேக்கர்கள் சொன்ன கதைகளைக் கேட்டு மனசு அமெரிக்கா பக்கம் திரும்பியது. 1913 அக்டோபர் 19-ல் கணவனும் மனைவியும் நியூயார்க்கில் இறங்கினார்கள். நாட்டுக்குள் நுழையக் காட்ட வேண்டிய 250 டாலர்தான் கையில் இருந்தது. இங்கிலீஷ் தெரியாது. அமெரிக்காவில் தெரிந்தவர்கள் இல்லை.

இரண்டு பேரும் வேலைக்குப் போனது ஒரு பல்பொருள் அங்காடிக்கு. கிம்பெல்ஸ் என்று பெயர். மேரி அங்கே பட்டன் தைத்தார், வாரத்துக்கு 5 டாலர். எம்.டி., பி.எச்.டி. ஆன நம்மவர் கம்பளம் விற்றார். அது ரொம்ப நாள் நிலைக்கவில்லை; முகத்தைப் பார்த்தாலே தெரியும், கம்பளம் விற்கிற முகம் இல்லை. ஓட்டலில் வயலின் வாசித்தார், கிரேக்கப் பத்திரிகை ஒன்றில் குமாஸ்தா வேலை பார்த்தார். வெளிநாடு போய்ப் பெட்ரோல் பங்கில் நின்ற நம் சீனியர்கள் சிலர் இதைப் படித்துச் சிரித்துக்கொள்வார்கள். பெயர் சொல்லமாட்டேன்.

அவரைக் காப்பாற்றியது அந்தத் தண்ணீர்ப்பூச்சி ஆராய்ச்சிதான். மரபியல் மேதை தாமஸ் ஹண்ட் மார்கன் அந்தக் கட்டுரையை அறிந்திருந்தார். அவர் சிபாரிசில் 1914-ல் நியூயார்க் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வேலை கிடைத்தது. சீக்கிரமே கார்னெல் மருத்துவக் கல்லூரியின் அனாடமித் துறைக்குப் போனார். சார்லஸ் ஸ்டாக்கார்ட் என்ற பேராசிரியர் அங்கே கினிப் பன்றிகளை வைத்து ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். மேரியும் உடன் வந்தார், சம்பளம் இல்லாத டெக்னீஷியனாக. அதற்கப்புறம் சுமார் அரை நூற்றாண்டு, கணவர் சாகும்வரை, லேபும் வீடும் அந்த அம்மாவுக்கு ஒன்றுதான். குழந்தைகள் இல்லை.

இப்போது ஒரு இன்ஸ்பெக்‌ஷன் பிரச்சினை. பாபனிகொலாவுக்குக் கினிப் பன்றியின் கருமுட்டை வேண்டும், அதுவும் வெளிப்படுவதற்குச் சற்று முந்தைய நிலையில். அந்த நேரம் எது என்று எப்படித் தெரியும்? மனிதப் பெண்ணைப் போல அதற்கு வெளியே தெரியும் மாதவிலக்குக் கிடையாது. குத்துமதிப்பாக ஒவ்வொன்றாகக் கொன்று திறந்து பார்த்தால் பெரும்பாலும் நேரம் தப்பிப் போகும். பிராணி செத்ததுதான் மிச்சம். எங்கள் தொழிலில் இதை டிஸ்ட்ரக்டிவ் டெஸ்ட் என்போம். பார்ப்பதற்காகப் பொருளையே அறுத்துவிடுவது. அவர் யோசித்தார்: வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே ஏதோ ஒரு கசிவு, ஒரு மாற்றம் நடந்துதான் ஆக வேண்டும். மூக்குப் பரிசோதனைக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் சின்ன ஸ்பெகுலம் ஒன்றை வாங்கி வந்து, தினமும் பெண் கினிப் பன்றிகளின் யோனித் திரவத்தில் ஒரு துளி எடுத்துக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

பார்த்தால், செல்களின் உருவமே நாளுக்கு நாள் மாறுகிறது! ஏறக்குறைய 16 நாளுக்கு ஒரு சுற்று. இன்றைய ஸ்லைடைப் பார்த்தால் உள்ளே சினைப்பை என்ன நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம், அறுக்கவே வேண்டாம். 1917-ல் ஸ்டாக்கார்டும் அவரும் இதை வெளியிட்டார்கள். ஹார்மோன் ஆராய்ச்சிக்காரர்களுக்கு இது பெரிய வரம். 1923-ல் ஆலன், டாய்ஸி என்ற இருவர் ஈஸ்ட்ரோஜனை அடையாளம் கண்டபோது அளவுகோலாக வைத்தது இதே ஸ்மியர் முறையைத்தான்.

பிராணிக்கு நடப்பது பெண்ணுக்கும் நடக்குமா? 1920 வாக்கில் இந்தக் கேள்வி வந்தது. அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணிடம் போய் இப்படி ஒரு சாம்பிள் கேட்பது? மேரி முன்வந்தார். ஒரு நாள், ஒரு வாரம் இல்லை. 21 வருஷம். லேபில் ஸ்லைடு கழுவி, கணக்கு எழுதி, வீட்டில் சமைத்து, இடையில் தன் உடம்பையே ஆராய்ச்சிக்கு ஒப்புக்கொடுத்தார். சாதாரண, நோயில்லாத பெண்ணின் செல்கள் எப்படி இருக்கும் என்ற ரெஃபரன்ஸ் உலகத்துக்குக் கிடைத்தது இப்படித்தான். இன்ஜினீயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நல்ல பீஸ் எது என்று தெரியாமல் கெட்ட பீஸைப் பிடிக்க முடியாது. இப்படி உழைத்த அந்த அம்மாவின் பெயர் எந்தப் பரிசோதனையிலும் இல்லை. எனக்கு இது உறுத்தத்தான் செய்கிறது.

மேரியைத் தொடர்ந்து நியூயார்க் பெண்கள் மருத்துவமனையிலிருந்தும் சாம்பிள்கள் வர ஆரம்பித்தன. அதில் ஒரு நாள், கருப்பை வாய்ப் புற்றுநோய் உள்ள ஒரு பெண்ணின் ஸ்லைடு. பெருத்துக் கறுத்த உட்கருக்கள், கோணல்மாணலான வடிவங்கள். மற்ற ஸ்லைடுகளோடு வைத்துப் பார்த்தால் குழந்தைகூட வித்தியாசம் சொல்லும். புற்றுநோய் தன் செல்களை உதிர்த்து வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதை ஒரு துளியில் பிடித்துவிடலாம் என்று அவருக்கு அன்று தெரிந்துவிட்டது.

1928 ஜனவரியில் இதை ஒரு மாநாட்டில் வாசித்தார். எந்த மாநாடு தெரியுமா? மிச்சிகனில் பேட்டில் க்ரீக் என்ற ஊரில், கார்ன் ஃப்ளேக்ஸ் புகழ் கெல்லாக் நடத்திய இன மேம்பாட்டு மாநாடு. தரமான மனிதர்களை மட்டும் பெற்றெடுப்பது எப்படி என்று விவாதிக்கிற, இன்றைக்கு நினைத்தால் அருவருப்பான கூட்டம். அங்கே ஒரு மூலையில் புற்றுநோய்க் கண்டுபிடிப்பு. அச்சில் வந்த கட்டுரையிலும் ஏகப்பட்ட பிழைகள். நோய்க்குறியியல் வல்லுநர்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். கருப்பை வாய் எட்டும் தூரத்தில்தானே இருக்கிறது, சந்தேகம் வந்தால் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பார்த்தால் போச்சு, இந்த உதிரிச் செல்களை வைத்து என்ன ஜோசியம் என்பது அவர்கள் வாதம். சந்தேகம் வருவதற்கு முன்னாலேயே பார்க்கலாமே என்பது அப்போது யாருக்கும் படவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ருமேனியாவில் ஆரெல் பாபேஷ் என்ற டாக்டர் தனியாக இதே மாதிரி ஒரு முறையைக் கண்டுபிடித்து, 1927-ல் புகாரெஸ்டில் பேசி, 1928-ல் பிரெஞ்சுப் பத்திரிகையில் வெளியிட்டார். அவர் பிளாட்டினக் கம்பி வளையத்தால் நேராகக் கருப்பை வாயிலிருந்தே செல் எடுத்தார். முதலாவது யார் என்று இன்றைக்கும் சண்டை உண்டு. என்னைக் கேட்டால், விதை இரண்டு பேரும் போட்டார்கள். தண்ணீர் ஊற்றி முப்பது வருஷம் காவல் இருந்தவர் பாபனிகொலாவ்.

ஆனால் உடனே ஊற்றவில்லை. அவமானமோ, மேலிடத்து ஆதரவு இல்லாததோ, அடுத்த பத்து வருஷம் ஹார்மோன் ஆராய்ச்சியோடு நின்றுவிட்டார். 1939-ல் ஸ்டாக்கார்ட் இறந்து, துறைக்குப் புதுத் தலைவராக ஜோசஃப் ஹின்ஸி வந்தார். பழைய புற்றுநோய் வேலையை மறுபடி எடுக்கச் சொல்லி உற்சாகப்படுத்தியவர் அவர்தான். பெண்கள் நல மருத்துவர் ஹெர்பர்ட் ட்ராட் கூட்டுச் சேர்ந்தார். நியூயார்க் ஆஸ்பத்திரியில் பெண்கள் நலப் பிரிவில் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஸ்மியர் எடுக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் விஷயம் புரிந்தது: எந்தத் தொந்தரவும் இல்லாத, கண்ணால் பார்த்தால் ஒன்றுமே தெரியாத பெண்களிடமும் ஆரம்ப நிலைப் புற்றுநோய் இருந்தது. 1941-ல் கட்டுரை, 1943-ல் புத்தகம். 1928-ல் கண்டுகொள்ளாத அதே மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. அந்தப் புத்தகத்தின் வண்ணப் படங்களை வரைந்தவர் ஹாஷிமே முராயாமா என்ற ஜப்பானில் பிறந்த ஓவியர். அமெரிக்காவும் ஜப்பானும் குண்டு போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது.

சாயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கே துரோகம். 1942-ல் அவர் வெளியிட்ட சாயமிடும் முறையில் ஐந்து சாயங்கள். உட்கரு கருநீலம், முதிர்ந்த செல்லின் உடல் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு, இளம் செல்லின் உடல் பச்சை கலந்த நீலம். ஸ்லைடு கோலம் போட்ட மாதிரி இருக்கும். அழகுக்காகச் செய்தது இல்லை. ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் செல்களுக்குள்ளும் உட்கருவைத் தெளிவாகப் பார்க்கும்படி, செல்லின் உடல் ஒளி ஊடுருவக்கூடியதாகத் தெரிய வேண்டும், அதற்காக. இன்றைக்கும் உலகம் முழுக்க லேப்களில் இந்தச் சாயம்தான், சின்னச் சின்ன மாற்றங்களோடு.

அவர் ஆரம்பத்தில் சாம்பிள் எடுத்தது ரப்பர் பல்பு வைத்த கண்ணாடிப் பிப்பெட்டால், யோனிக்குள் தேங்கும் திரவத்திலிருந்து. 1947-ல் கனடாவின் எர்னஸ்ட் ஏர் என்பவர் ஐஸ்கிரீம் குச்சி மாதிரி ஒரு மரக் கரண்டியைச் செதுக்கி, நேராகக் கருப்பை வாயைச் சுரண்டி எடுக்கும் வழியைக் கொண்டுவந்தார். கருப்பை வாய்ப் புற்றைப் பிடிப்பதில் துல்லியம் கூடிற்று. இதற்கு ஒரு விலை உண்டு. தேங்கும் திரவத்தில், மேலே கருப்பைக்குள்ளிருந்து வழிந்து வரும் செல்களும் கொஞ்சம் கிடைக்கும். குச்சியால் ஓர் இடத்தைச் சுரண்டினால் அந்த இடத்துச் செல்தான் கிடைக்கும். இதை ஞாபகத்தில் வையுங்கள்.

பிறகு நடந்தது ஊர்வலம்தான். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் கையில் எடுத்துக்கொண்டது. 1950-ல் லாஸ்கர் விருது. 1954-ல் பெரிய அட்லஸ். அமெரிக்காவில் கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்கள் 1950-களில் இருந்ததைவிட 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கின்றன. நோபல் பரிசுக்குப் பலமுறை பெயர் போயிற்று, வரவில்லை. லீவு போடாமல், ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்த மனிதர். 1961 கடைசியில் 78 வயதில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தை நடத்த மயாமிக்குக் குடிபோனார். மூன்றே மாதத்தில், 1962 பிப்ரவரி 19-ல், மாரடைப்பு. நிலையத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். மேரி அங்கேயே வேலையைத் தொடர்ந்தார். 1982 வரை வாழ்ந்தார். கிரேக்க அரசு 1995-ல் தன் 10,000 ட்ராக்மா நோட்டில் பாபனிகொலாவ் படத்தைப் போட்டது. யூரோ வந்ததும் அந்த நோட்டும் போயிற்று.

நம் ஊருக்கு வருவோம். 2022-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஒரே வருஷத்தில் சுமார் 1,27,000 பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்தது, சுமார் 80,000 பேர் இறந்தார்கள். பாப் டெஸ்ட் வந்து எண்பது வருஷம் ஆன பிறகு! காரணம் எளிது. சாம்பிள் எடுப்பது சுலபம், அதைப் பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். ஒவ்வொரு ஸ்லைடிலும் ஆயிரக்கணக்கான செல்கள். அதில் நாலைந்து மட்டும் கெட்டதாக இருக்கலாம். அப்படிப்பட்ட கண்களைக் கிராமத்துக்குக் கிராமம் உட்கார வைக்க நம்மால் முடியவில்லை.

அதனால் வேறு வழி தேடினார்கள். அந்தத் தேடல் நடந்த இடங்களில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டம். 2000-ல் தொடங்கி அங்கே பயிற்சி பெற்ற நர்சுகள் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, நம் சமையலறை வினிகரில் இருக்கும் அதே சரக்கை, தடவி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார்கள். கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். லேப் வேண்டாம், ஸ்லைடு வேண்டாம். 30 முதல் 59 வயது வரையான ஏறக்குறைய 80,000 பெண்களை இரண்டு பிரிவாக வைத்து ஒப்பிட்டதில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் நோய் 25 சதவீதமும், மரணம் 35 சதவீதமும் குறைவு என்று 2007-ல் லான்செட் பத்திரிகையில் வந்தது. ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கை ஆஸ்பத்திரி இதில் பங்கேற்றது. திண்டுக்கல்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், பூட்டு, பிரியாணியோடு சேர்த்து.

இதற்கு நடுவில் நோயின் மூலகாரணமும் பிடிபட்டது. எச்.பி.வி. என்ற வைரஸின் 16-ஆம் வகையை 1983-லும் 18-ஆம் வகையை அடுத்த வருஷமும் ஹரால்ட் ட்ஸுர் ஹாவுசென் குழு கண்டுபிடித்தது. 2008-ல் நோபல் கிடைத்தது. 2006-லிருந்து தடுப்பூசி இருக்கிறது. நம் நாட்டிலேயே செய்த செர்வாவாக் 2023-ல் வெளிவந்தது. பெண் குழந்தை இருக்கிற பேட்ச்மேட்கள் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி அந்த இரண்டாவது காரணம். என் பெரியம்மா. அவங்களுக்கு மாதவிடாய் நின்று ஏழெட்டு வருஷம் கழித்து லேசாக இரத்தப்போக்கு வந்தது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் பாப் ஸ்மியர் எடுத்தார்கள். ரிப்போர்ட் நார்மல். ஒன்றுமில்லை, வயசுக்கு வருவதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெரியம்மா அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்தாங்க. இரத்தப்போக்கு விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. ஒன்றரை வருஷம் கழித்து மதுரையில் பார்த்தபோது, கருப்பையின் உட்படலத்தில் புற்றுநோய், வெளியே பரவிவிட்டது. அடுத்த தைப்பொங்கலுக்கு அவங்க இல்லை.

அந்த ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. அது பார்த்த இடம் கருப்பை வாய், அங்கே ஒன்றும் இல்லைதான். நோய் இருந்தது மேலே, உள்ளே. டை பெனட்ரண்ட் மேற்பரப்பு விரிசலைக் காட்டும். வெல்டுக்கு உள்ளே இருக்கிற ஓட்டையைக் காட்டாது. அதற்கு அல்ட்ராசானிக்கோ ரேடியோகிராஃபியோ வேண்டும். என் ரிப்போர்ட்டில் எந்த டெஸ்ட், எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று எழுதாமல் வெறும் ஓகே என்று போட்டால் என்னை வேலையைவிட்டுத் துரத்துவார்கள். பெரியம்மா கையில் கிடைத்தது அப்படி ஒரு ஓகே.

ஆகவே இதைப் படிக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது: மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் வந்தாலும் பாப் ஸ்மியர் நார்மல் என்று அதோடு விடக்கூடாது. அல்ட்ராசவுண்டில் உட்படலத்தின் தடிமன் பார்க்க வேண்டும், தேவையானால் பயாப்ஸி. இப்படி இரத்தம் வரும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கும் மேல் புற்றுநோய் இருக்காது, பயப்பட வேண்டாம். ஆனால் உட்படலப் புற்றுநோய் உள்ள பெண்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இதே இரத்தப்போக்குதான் அறிகுறி. 2018-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது வந்த விகிதம் இது.

கருப்பை வாய்ப் புற்றுநோய் குறைந்துவரும் அமெரிக்காவில் இந்த உட்படலப் புற்றுநோய் ஏறிக்கொண்டிருக்கிறது. 2024-க்கு அவர்கள் போட்ட மதிப்பீடு, கருப்பையின் உடல் பகுதிப் புற்றுநோய் எல்லாம் சேர்த்து, 67,880 புதிய நோயாளிகள், 13,250 மரணங்கள். உடல் பருமன் ஒரு முக்கியக் காரணம். கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கி உட்படலத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கும். ஆராய்ச்சியும் வேகமெடுத்திருக்கிறது. 2013-ல் 373 கட்டிகளின் மரபணுக்களைப் படித்து, ஒன்று என்று நினைத்திருந்த நோய் உண்மையில் நான்கு வகை என்று காட்டினார்கள். 2023-ல் உலக மகப்பேறு மருத்துவர் சங்கம் நோயின் நிலையை வகுக்கும் முறையிலேயே இந்த மரபணு வகையைச் சேர்த்துவிட்டது. அதில் ஒரு வகையில், டி.என்.ஏ. நகலெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்தும் அமைப்பு பழுதாகியிருக்கும். அப்படி முற்றிய நோயாளிகளுக்குக் கீமோதெரபியோடு டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தையும் கொடுத்தபோது, இரண்டு வருஷம் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் 61 சதவீதம். கீமோ மட்டும் பெற்றவர்களில் 16 சதவீதம். 2023-ல் வந்த முடிவு. விலை நம்மைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்கிற மாதிரி இல்லை, அது வேறு வயிற்றெரிச்சல்.

நம்மவர் மறுபடி உள்ளே வருவது இங்கேதான். கருப்பைக்குள்ளிருந்து பாப் ஸ்மியருக்கு வந்து சேரும் செல்கள் மிகக் குறைவு, கண்ணால் தேடினால் தப்பிவிடும். ஆனால் செல்லைப் பார்க்காமல் அதன் டி.என்.ஏ.வைப் படித்தால்? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2013-ல் இதை முயன்றது. சாதாரண பாப் டெஸ்ட் திரவத்தில் மிச்சமிருந்ததை எடுத்து, புற்றுநோய் மரபணு மாற்றங்களைத் தேடினார்கள். உட்படலப் புற்றுநோய் உள்ள 24 பேரில் 24 பேரிடமும் கிடைத்தது. சினைப்பைப் புற்றுநோய் உள்ள 22 பேரில் 9 பேர். 2018-ல் பெரிய அளவில் செய்தார்கள், பாப்சீக் என்று பெயர் வைத்து. உட்படலப் புற்றுநோய் உள்ள 382 பேரில் 81 சதவீதம் பிடிபட்டது. நோயில்லாத 714 பெண்களில் தவறாக மணி அடித்தது 1.4 சதவீதத்துக்கு மட்டும். கருப்பைக்குள்ளேயே நுழையும் பிரஷ்ஷால் சாம்பிள் எடுத்தால் 93 சதவீதம். சினைப்பைக்கு இன்னும் பாதிகூட எட்டவில்லை. 33, 45 என்றுதான் நிற்கிறது. இவர்கள் ஏற்கெனவே நோய் உறுதியானவர்கள். அறிகுறி இல்லாத பெண்களிடம் இது உயிரைக் காப்பாற்றுமா என்று காட்டப் பெரிய சோதனைகள் வேண்டும். பெரியம்மா போன்றவர்களுக்கு இன்றைய வழி அல்ட்ராசவுண்டும் பயாப்ஸியும்தான்.

கடைசியாக ஜூனியர்களுக்கு. இந்த ஸ்லைடுகளைக் கம்ப்யூட்டரைப் படிக்கவைக்கும் முயற்சி 1950-களிலேயே ஆரம்பமாகிவிட்டது. நியூரல் நெட்வொர்க்கால் ஓடும் பாப்நெட் என்ற மெஷினுக்கு அமெரிக்க அரசு 1995-லேயே அனுமதி கொடுத்தது, நாமெல்லாம் டாஸ் ப்ராம்ப்ட்டைப் பார்ப்பதற்கும் முன்னால். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு முகம் அடையாளம் காணும் அட்டெண்டன்ஸ் சிஸ்டத்தையே எத்தனை பேட்ச் செய்வீர்கள்? கிரேக்கத்திலிருந்தே, பாபனிகொலாவ் சாயம் போட்ட 4,049 செல் படங்களை வகை பிரித்து சிபாக்மெட் என்ற பெயரில் 2018-ல் இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். டவுன்லோடு செய்து பாருங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால் ரீயூனியன் அன்று என்னைப் பிடியுங்கள். மெக்கானிகல் பிளாக் எதிரே, சாப்பாட்டுப் பந்தியில், முதல் வரிசையில் இருப்பேன்.